பதினேழு பொம்மைகள், பத்துப் பயணங்கள்: ‘கெல்லர்ஸ் கீப்’ வாங்கலாமா?

பலகை விளையாட்டுகளில் முதல் பெட்டியை வாங்குவது எளிது. பிடித்திருக்கிறதா, கையில் காசு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். சிக்கல் இரண்டாவது பெட்டியில்தான் தொடங்குகிறது. அது பெரும்பாலும் கூடுதல் தொகுப்பாக இருக்கும். தனியாக விளையாட முடியாது. ஏற்கெனவே வாங்கிய விளையாட்டோடு சேர்த்தால்தான் பயன். “இருக்கிறது போதாதா?” என்று வீட்டில் கேட்டால், அதற்கு நியாயமான ஒரு பதில் வேண்டும்.

ஸ்ரீ கெம்பாங்கானில் நாங்கள் ஐந்து பேர், பல்கலைக்கழக மாணவர்கள், வாரம் ஒரு மாலை கூடி விளையாடுகிறோம். பொதுப் பணத்தில் அடுத்து எதை வாங்கலாம் என்று பேசியபோது முதலில் வந்த பெயர் ‘கெல்லர்ஸ் கீப்’. நிலவறைச் சாகச விளையாட்டுகளில் மிகவும் பெயர் பெற்ற ‘ஹீரோ குவெஸ்ட்’டின் கூடுதல் தொகுப்பு அது. வாங்கி ஆறு பயணங்களை முடித்திருக்கிறோம். அந்த அனுபவத்தோடு, கொஞ்சம் கணக்கும் சேர்த்து, இந்தப் பெட்டி யாருக்கு ஏற்றது என்று பார்ப்போம்.

மூல விளையாட்டு எது?

ஹீரோ குவெஸ்ட் 1989இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனமும் பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும் இணைந்து அதைக் கொண்டுவந்தன. வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். பல ஆண்டுகள் கடைகளில் கிடைக்காமல் இருந்த இந்த விளையாட்டுக்காக ஹாஸ்புரோ நிறுவனம் 2020இல் ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டியது. 10 லட்சம் டாலர் இலக்கு வைத்தார்கள். 37 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அதன்பின் ஆவலோன் ஹில் என்ற பெயரில் புதுப் பதிப்பு வந்தது. கூடவே கெல்லர்ஸ் கீப்பும் திரும்பி வந்தது.

விளையாட்டின் அமைப்பு இதுதான். நான்கு பேர் வீரர்கள்: பார்பேரியன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி. ஐந்தாமவர் ஸார்கோன். அரக்கர்களை நகர்த்துவதும், கதை சொல்வதும், பொறிகள் எங்கே இருக்கின்றன என்ற ரகசியத்தைக் காப்பதும் அவர் வேலை. மூலப் பெட்டியில் 14 பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதை ஸார்கோன் மட்டுமே பார்ப்பார். வீரர்கள் கதவைத் திறக்கத் திறக்க, உள்ளே இருப்பதைப் பலகையில் ஒவ்வொன்றாக வைப்பார். திறந்த கதவை மறுபடி மூட முடியாது.

நாம் சிறுவயதில் ஆடிய பரமபதத்திலும் தாயத்திலும் பகடைதான் பெரிய எசமானன். ஹீரோ குவெஸ்ட்டிலும் பகடை உண்டு. ஆனால் எந்தக் கட்டத்தில் நிற்பது என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. கெல்லர்ஸ் கீப்பின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

கதை சுருக்கமானது. பேரரசரும் அவருடைய படையில் எஞ்சியவர்களும் கெல்லர்ஸ் கீப் என்ற பழைய குள்ளர் கோட்டையில் சிக்கிக்கொண்டார்கள். ஓர்க், கோப்ளின் கூட்டங்கள் சூழ்ந்து நிற்கின்றன. மலைக்கு அடியில் உள்ள வழிகளில் புகுந்து வீரர்கள் பேரரசரை அடைய வேண்டும். மூல விளையாட்டின் பயணங்களில் பல தனித்தனிக் கதைகள். இங்கே பத்துப் பயணங்களும் ஒரே நீண்ட வழியின் பகுதிகள். அதனால் ஒரு வாரம் முடிந்ததும் அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற ஆவல் இருக்கிறது.

பொம்மைகள் மொத்தம் 17: எட்டு ஓர்க், ஆறு கோப்ளின், மூன்று அபோமினேஷன். இந்த எண்களைப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். காரணம் உண்டு. மூலப் பெட்டியிலும் எட்டு ஓர்க், ஆறு கோப்ளின், மூன்று அபோமினேஷன்தான். அதாவது புதிய அரக்கன் ஒன்றுகூட இல்லை. இருந்தவை இரட்டிப்பாகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

(1989 பதிப்பைப் பழைய பொருள் விற்கும் இடங்களில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அன்று ‘ஃபிமிர்’ என்று இருந்ததுதான் புதிய பதிப்பில் ‘அபோமினேஷன்’. பெயர் மாறினாலும் வேலை அதேதான்.)

புதிதாக ஒன்றும் இல்லாத பொம்மைகளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்கிறது.

ஒரு ஓர்க்கின் அடி எவ்வளவு?

ஹீரோ குவெஸ்ட்டின் போர்ப் பகடையில் ஆறு முகங்கள். மூன்றில் மண்டை ஓடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். தாக்குபவர் மண்டை ஓடுகளை எண்ணுவார். தற்காப்பவர் வீரர் என்றால் வெள்ளைக் கேடயம் எண்ணப்படும். அரக்கர் என்றால் கறுப்புக் கேடயம். மண்டை ஓடுகளிலிருந்து கேடயங்களைக் கழித்தால் வருவது காயம். அத்தனை உடல் புள்ளிகள் குறையும்.

இடைநிலைப்பள்ளியில் நிகழ்தகவு படித்தவர்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். பார்பேரியன் மூன்று பகடைகளால் தாக்குகிறான். ஓர்க் இரண்டு பகடைகளால் தற்காக்கிறது. அதற்கு உடல் புள்ளி ஒன்றே ஒன்று. பார்பேரியன் ஒரே அடியில் அதை வீழ்த்த வாய்ப்பு சரியாக நான்கில் மூன்று, அதாவது 75 விழுக்காடு. மந்திரவாதிக்கு ஒரே ஒரு தாக்குதல் பகடை. அவருடைய வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு.

இனி எதிர்த் திசையில் பாருங்கள். ஓர்க் மூன்று பகடைகளால் தாக்குகிறது. மந்திரவாதி இரண்டு பகடைகளால் தற்காக்கிறார். கூட்டிப் பார்த்தால் சராசரிக் காயம் ஓர் அடிக்கு 0.96. ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். மந்திரவாதியின் மொத்த உடல் புள்ளிகள் நான்கு. ஆக, சராசரியாக நான்கு ஓர்க் அடிகளில் அவர் கதை முடிந்துவிடும்.

நான்கு என்ற எண்ணைக் கவனியுங்கள். இந்த விளையாட்டில் அரக்கர்கள் மூலைவாட்டில் தாக்க முடியாது. முன், பின், இடம், வலம் என நான்கு பக்கங்களிலிருந்து மட்டுமே அடி விழும். அறையின் நடுவில் நிற்கும் மந்திரவாதியை நான்கு ஓர்க்குகள் சூழ்ந்தால், ஒரே சுற்றில் விழும் சராசரிக் காயம் 3.83. அதே மந்திரவாதி ஒரு கட்ட அகலமே உள்ள தாழ்வாரத்தில், பின்னால் ஒரு நண்பர் நிற்க, முன்னால் ஒரே ஓர்க்கை எதிர்கொண்டால் காயம் 0.96தான். அதே மந்திரவாதி, அதே ஓர்க்குகள். நிற்கும் இடம் மாறியதும் ஆபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

மூலப் பெட்டியில் எட்டு ஓர்க்குகள். அவற்றால் ஒரே நேரத்தில் இரண்டு வீரர்களை மட்டுமே நான்கு பக்கமும் சூழ முடியும். மற்ற இருவர் வந்து காப்பாற்றலாம். கெல்லர்ஸ் கீப் சேர்ந்ததும் பதினாறு. நான்கு வீரர்களுக்கும் நான்கு பக்கங்கள். கணக்கு சரியாக ஒத்துப்போகிறது. ஒவ்வொரு பயணத்திலும் பதினாறும் ஒன்றாக வந்து நிற்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் காப்பாற்ற ஒருவர் எப்போதும் மிச்சம் இருப்பார் என்ற தைரியம் போய்விடுகிறது.

பத்ம வியூகத்தில் நுழையத் தெரிந்து வெளியேறத் தெரியாத அபிமன்யு கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவனுடைய வில்லாற்றலில் குறை இல்லை. பின்னால் வர வேண்டியவர்கள் வாயிலில் தடுக்கப்பட்டார்கள். கெல்லர்ஸ் கீப்பில் தோற்கும் குழுக்களும் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கும். முதல் வீரர் ஆர்வத்தில் அறைக்குள் பாய்வார்; அவருக்குப் பின்னால் வாசலை ஒரு கோப்ளின் அடைத்துக்கொள்ளும்.

ஓடித் தப்பலாமா?

அதுவும் கடினம். வீரர்கள் இரண்டு சிவப்புப் பகடைகளை உருட்டி, விழும் எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்கிறார்கள். சராசரி ஏழு கட்டம். ஓர்க் எட்டுக் கட்டம் நகரும், கோப்ளின் பத்து. மூன்று தற்காப்புப் பகடைகளும் இரண்டு உடல் புள்ளிகளும் உள்ள அபோமினேஷன் மட்டும் ஆறு கட்டம். கடுமையான எதிரி மெதுவாக வருகிறது. சாதாரண எதிரிகள் வேகமாக வருகின்றன. ஆகவே ஓடுவதைவிட, எங்கே நின்று அடிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் வழி.

இதனால் மூல விளையாட்டில் கண்மூடித்தனமாக வாங்கிய பொருள்களைக்கூட மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. தகட்டுக் கவசம் அணிந்தால் தற்காப்புக் கூடும்; ஆனால் நகர ஒரு சிவப்புப் பகடைதான். போர்க்கோடரிக்கு நான்கு தாக்குதல் பகடைகள். ஆனால் அதோடு கேடயம் பிடிக்க முடியாது. தலைக்கவசமும் கேடயமும் சேர்த்த பார்பேரியன் நான்கு பகடைகளால் தற்காக்கிறான். அவன்மேல் ஓர்க்கின் சராசரிக் காயம் 0.58 ஆகக் குறைகிறது. அவனுக்கு எட்டு உடல் புள்ளிகள் இருப்பதால், குறுகலான வாசலில் அடைப்பாக நிற்க அவனைவிடப் பொருத்தமானவர் இல்லை. வேகமும் தாக்குதலும் மட்டுமே பெரிதென்று நினைத்த எங்கள் குழு, மூன்றாவது பயணத்துக்குள் கேடயத்தின் அருமையைப் பேச ஆரம்பித்துவிட்டது.

மந்திரங்களும் அப்படியே. மந்திரவாதிக்கு ஒன்பது, எல்ஃபுக்கு மூன்று. ஒவ்வொன்றையும் ஒரு பயணத்தில் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். நெருப்புப் பந்தை முதல் கோப்ளின்மேல் வீசிவிடுவது இளமை வேகம். அரக்கர்களைக் கடந்து செல்ல உதவும் மூடுபனித் திரை மந்திரத்தைக் கடைசிவரை வைத்திருப்பது, சூழப்பட்ட நண்பனுக்கு வெளியே வர ஒரு வழி. இரட்டிப்பான எதிரிகள் மந்திரவாதியைச் சிக்கனக்காரர் ஆக்குகிறார்கள்.

ஸார்கோனுக்கு வேலை வந்தது

இந்த வகை விளையாட்டுகளில் அடிக்கடி எழும் குறை, ஐந்தாமவருக்குச் சலிப்பு என்பது. நால்வர் சேர்ந்து திட்டமிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, தோற்பதற்கென்றே வைக்கப்பட்ட பொம்மைகளை நகர்த்துகிறார். மூல விளையாட்டின் முதல் சில பயணங்களில் இது உண்மைதான். கெல்லர்ஸ் கீப்பில் ஸார்கோனுக்கு உண்மையான முடிவுகள் கிடைக்கின்றன. இரண்டு கோப்ளின்களின் அடி மந்திரவாதிக்கு ஏறக்குறைய ஓர் ஓர்க் அடிக்குச் சமம். அப்படியானால் வேகமான கோப்ளின்களை வாசல் அடைக்க அனுப்பி, ஓர்க்குகளைச் சூழ விடலாமா? ஒருவரையே குறிவைப்பதா, நால்வரையும் களைப்படைய வைப்பதா?

நாங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஸார்கோனை மாற்றுகிறோம். பத்துப் பயணங்கள், ஐந்து பேர். தலைக்கு இரண்டு முறை. ஒருவரே வில்லனாக இருந்து கடைசியில் வராமல் போவதைவிட இது நல்லது. யாரும் ஸார்கோனாக இருக்க விரும்பாத குழுக்களுக்கு இலவசச் செயலி ஒன்று இருக்கிறது. அது அரக்கர்களை இயக்கிக்கொள்ளும். ஆனால் எதிரே உட்கார்ந்து “கதவைத் திறக்கிறாயா?” என்று புன்னகையோடு கேட்கும் மனிதர் இல்லாமல் பாதி சுவை போய்விடும்.

கதை எந்த மொழியில்?

பயணப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் உரக்க வாசிக்க ஒரு பத்தி உண்டு. எங்கள் குழுவில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் உண்டு, தேசியப் பள்ளியில் படித்தவர்களும் உண்டு. முதல் பயணத்தில் பத்தியை ஆங்கிலத்திலேயே வாசித்தோம். யாரும் உண்மையில் கேட்கவில்லை. கைகள் பகடையையே தேடின. இரண்டாவது பயணத்திலிருந்து ஸார்கோனாக இருப்பவர் முதல் நாளே பத்தியைப் படித்து, தம் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

உடனே வாக்குவாதங்கள் வந்தன, நல்ல வாக்குவாதங்கள். ‘கீப்’ என்பது கோட்டையா, அரணா? கோட்டைக்குள் இருக்கும் கடைசிக் காவல் இடம் என்பதால் அரண்தான் பொருத்தம் என்றார் ஒருவர். காலடியில் மறைந்திருப்பது ‘பொறி’ என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ரகசியக் கதவைக் ‘கள்ளக்கதவு’ என்று ஒரு தோழி சொன்னார்; அதன்பின் யாரும் வேறு பெயர் சொல்லவில்லை. வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சி செய்யும்போது சரியான சொல் கிடைத்தால் மதிப்பெண் வரும். இங்கே சரியான சொல் கிடைத்தால் நான்கு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழில் கதை சொல்ல மேடையோ போட்டியோ தேவையில்லை, கேட்க நான்கு பேர் போதும் என்பது இந்தப் பெட்டியில் நாங்கள் எதிர்பார்க்காத ஆதாயம். கதை தொடர்கதையாக இருப்பதால்தான் இது நடந்தது. தனித்தனிப் பயணங்களில் போன வாரம் எங்கே விட்டோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

குறைகளும் உண்டு

முதல் குறை, பலகை. கெல்லர்ஸ் கீப்புக்குத் தனிப் பலகை கிடையாது. மூலப் பெட்டியின் அதே பலகையின்மேல் அட்டைகளை வைத்துப் புதிய இடமாக்கிக்கொள்ள வேண்டும். பதினான்கு பயணங்கள் ஆடியவர்களுக்கு எந்த அறை எங்கே இருக்கிறது என்பது மனப்பாடம். புதிய மலைக்குள் நுழைகிறோம் என்று கதை சொன்னாலும் கண் அதை எளிதில் நம்பாது.

இரண்டாவது, இருக்கும் அரக்கர்களிலேயே பன்மை இல்லை. பச்சைத் தோல் கூட்டத்தை வெட்டி வெட்டிச் சலித்துவிடும் என்பவர்களுக்கு ‘ரிட்டர்ன் ஆஃப் த விட்ச் லார்ட்’ என்ற இன்னொரு தொகுப்பு உண்டு. அதிலும் பத்துப் பயணங்கள். எட்டு எலும்புக்கூடுகள், நான்கு ஸோம்பிகள், நான்கு மம்மிகள். ஆனால் அதுவும் இருப்பதைப் பெருக்குவதுதான். முற்றிலும் புதிய அரக்கர்கள் வேண்டுமென்றால் பனிமலைக் கதையான ‘த ஃப்ரோஸன் ஹாரர்’ பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, பகடையின் ஆதிக்கம். நகர்வையும் பகடை முடிவு செய்வதால், நல்ல திட்டம் போட்ட பிறகு இரண்டே கட்டம் நகரும்படி விழுந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். 2017இல் வந்த ‘குளூம்ஹேவன்’ போன்ற விளையாட்டுகள் பகடையை நீக்கி, அட்டைகளால் போரை நடத்துகின்றன. ஆழமான திட்டமிடல் விரும்புபவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதன் விதிகளைக் கற்கவே ஒரு மாலை போய்விடும். ஹீரோ குவெஸ்ட்டைப் படிவம் ஒன்று படிக்கும் தம்பிக்குக்கூட அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

காசுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். அதனால் ஒரு கணக்கு முறையை மட்டும் சொல்கிறேன். பத்துப் பயணங்கள், ஐந்து பேர். மொத்தம் ஐம்பது இருக்கைகள். பெட்டியின் விலையை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, விலை 200 வெள்ளி என்றால் ஓர் ஆளுக்கு ஒரு மாலை 4 வெள்ளி. மாமாக் கடையில் ஒரு சிற்றுண்டிச் செலவு. ஆனால் இந்தக் கணக்கு ஐந்து பேரும் பத்து முறை வந்தால்தான் சரி. மூன்று பயணங்களோடு பெட்டி அலமாரிக்குப் போனால், அதே மாலைக்கு 13 வெள்ளிக்கும் மேல் ஆகிவிடும். ஆகவே பெட்டியை வாங்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். தேர்வு வாரமும் பருவ விடுமுறையும் ஊருக்குப் போகும் நாள்களும் அரக்கர்களைவிடக் கடுமையான எதிரிகள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கூடுதல் பொம்மைகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளவற்றின் இரட்டைகள் என்றேனே, அப்படியானால் அந்த இடத்தில் ஒரு நாணயம் வைத்தாலும் விளையாட்டு நடக்கும். 20 சென் நாணயம் ஓர்க், 10 சென் கோப்ளின், 50 சென் அபோமினேஷன். கட்டம் போட்ட தாளில் சொந்தமாக ஒரு பயணம் வரைந்து, பதினாறு ஓர்க்குகள் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாலை ஆடிப் பாருங்கள். வாசலில் நின்று போராடும் அந்த நெருக்கடி உங்கள் குழுவுக்குப் பிடித்திருந்தால் பெட்டியை வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் ஒரு காசும் போகவில்லை.

யாருக்கு ஏற்றது?

மூல விளையாட்டின் 14 பயணங்களையும் முடித்து, நாயகர்களுக்கு ஓரளவு ஆயுதமும் கவசமும் சேர்த்து, தொடர்ந்து வரக்கூடிய நான்கைந்து பேர் இருந்தால் கெல்லர்ஸ் கீப்பைத் தயங்காமல் வாங்கலாம். பாதியில் நிற்பவர்கள் முதலில் இருப்பதை முடியுங்கள். பெட்டியில் புதிய அரக்கர்களையும் அழகான பொம்மைகளையும் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். இது அவர்களுக்கான தொகுப்பு இல்லை.

எங்களுக்கு இன்னும் நான்கு பயணங்கள் மிச்சம் இருக்கின்றன. பேரரசர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். பதினேழு பழைய பொம்மைகள் ஒரு விளையாட்டைப் புதிதாக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதுதான் எங்கள் பதில். கதவைத் திறக்கும் முன் உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.